சாயிரா பானுவின் ‘எப்போதிருந்து’ பட்டியல்

சாயிரா அக்கா எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. எங்களில் பாதிப் பேருக்கு அப்போது இருபத்தைந்துகூட ஆகியிருக்கவில்லை. சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் நடக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. பள்ளிக்கூடங்களுக்கு வருகைப்பதிவு, மதிப்பெண் பட்டியல், சான்றிதழ் ஆகியவற்றுக்கான மென்பொருள் செய்துகொடுக்கிறோம்.

அக்காவுக்கு வீடு கோட்டைமேட்டில். கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம் ஆகிவிட்டது. கணவர் அப்துல் முத்தலிப் ஒப்பணக்கார வீதியை ஒட்டிய ஒரு சந்தில் பைக்கடை வைத்திருக்கிறார். ஒரே மகள் ரிஃபானா பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு, அதாவது படிப்பை முடித்துப் பதினேழு வருடம் கழித்து, அக்கா வேலை தேடிக் கிளம்பினார். நேர்முகத் தேர்வில் எங்கள் முதலாளி தீபக், என்னென்ன தெரியும் என்று கேட்டார். “படிச்சதெல்லாம் பழசாயிருச்சுங்க சார். ஆனா எதைக் குடுத்தாலும் முழுசா படிச்சுப் பாத்துருவேன்” என்று அக்கா சொன்னாராம். தீபக் அவருக்குச் சோதித்துப் பார்க்கும் வேலையைக் கொடுத்தார். நாங்கள் எழுதும் நிரலில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. என் பக்கத்து இருக்கை.

இந்தக் கதைக்கு வேண்டிய ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்றவர்கள் எல்லா நிரலையும் சொந்தமாக எழுதுவதில்லை. யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருப்பதை எடுத்துச் சேர்த்துக்கொள்வோம். அப்படி நாங்கள் எடுத்துக்கொண்ட ஒன்றுக்கு ‘இழை’ என்று பெயர். தமிழ் எழுத்துகளை எண்ண, பிரிக்க, அகர வரிசையில் அடுக்க உதவுவது. ‘கோ’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது இரண்டு துண்டு. இந்த மாதிரித் தகராறுகளை எல்லாம் இழை பார்த்துக்கொள்ளும். அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபங்ஷன் உண்டு. எழுதியவர் ஒரு ஃபங்ஷனை எடுத்துவிட நினைத்தால் உடனே எடுக்க மாட்டார். ‘இது இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கும், இதற்குப் பதில் அதைப் பயன்படுத்துங்கள்’ என்று முன்கூட்டியே அறிவிப்பார். இதைத்தான் டெப்ரிகேட் செய்வது என்கிறோம். அந்த அறிவிப்பு எங்கள் திரையில் ஒரு மஞ்சள் வரியாக வந்து போகும். வேலை நிற்காது. அதனால் யாரும் படிக்க மாட்டோம்.

அக்கா சேர்ந்த இரண்டாம் வருடம் போத்தனூர்ப் பக்கம் ஒரு பள்ளியிலிருந்து போன் வந்தது. விளையாட்டு விழாவில் கொடுத்த சான்றிதழ்களில் சில பெயர்கள் பாதியில் நின்றுவிட்டன. ரிஃபத் என்ற பையனின் சான்றிதழில் ‘ரி’ என்று மட்டும் இருந்தது. ஆய்த எழுத்து வந்த இடத்தில் எல்லாம் பெயர் வெட்டுப்பட்டிருந்தது. பதினான்கு குழந்தைகள். அதில் ஒரு சிறுமி, மேடையில் வாங்கிய சான்றிதழைத் தன் அம்மாவிடம் காட்டாமல் இரண்டு நாள் பைக்குள்ளேயே வைத்திருந்தாளாம்.

தப்பு என்னுடையது. இழையில் பெயரைப் பிரிக்கும் பழைய ஃபங்ஷனைத்தான் நான் பயன்படுத்தியிருந்தேன். அது கிடைக்காவிட்டால் இருக்கட்டும் என்று அவசரத்தில் நானே ஒன்றை எழுதிப் பக்கத்தில் வைத்திருந்தேன். புதிய பதிப்பில் பழையது நீக்கப்பட்டதும், சத்தமில்லாமல் என்னுடையது வேலைக்கு வந்துவிட்டது. அதற்கு ஆய்த எழுத்து தெரியாது.

அன்று சாயங்காலம் நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அக்காவின் மகளுக்கும் அதே எழுத்து உள்ள பெயர் என்பதால் கோபப்படுவாரோ என்று நினைத்திருந்தேன். ஆனால் அவர் இழையின் மாற்றக் குறிப்புகளை முதல் பதிப்பிலிருந்து படிக்க ஆரம்பித்திருந்தார். மூன்று நாள் படித்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

“வர்ஷினி, இருபத்தாறு மாசத்துக்கு முன்னாடியே அறிவிச்சிருக்காங்க. அன்னிக்கிலிருந்து தெனமும் நம்ம ஸ்க்ரீன்ல சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு. நாமதான் காது குடுக்கலை.”

பதினான்கு சான்றிதழ்களும் மறுபடி அச்சாகின. அக்காவே அந்தப் பள்ளிக்குப் போய் ஒவ்வொரு குழந்தையின் கையிலும் கொடுத்துவிட்டு வந்தார்.

பட்டியல் அந்த வாரம் தொடங்கியது. ஃபங்ஷன் பெயர், எந்தப் பதிப்பில் அறிவிப்பு வந்தது, எந்தப் பதிப்பில் போகப்போகிறது, பதிலுக்கு எது, கடைசியில் ‘ஏன்’. முதலில் இழைக்கு மட்டும். பிறகு நாங்கள் சேர்த்துக்கொண்ட மற்ற ஒன்பது நிரல்களுக்கும். பல குறிப்புகளில் ‘இது நீக்கப்படும்’ என்று இருக்குமே தவிர, எப்போதிலிருந்து என்று இருக்காது. அக்கா பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எந்த நாளில் அந்த வரி உள்ளே வந்தது என்று தேடிப் பிடிப்பார். ஒரு வருடம் கழித்து அந்தப் பட்டியலை ‘எப்போதிருந்து’ என்ற பெயரில் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். எங்களுக்குத் தெரியாத ஊர்களில் இருந்தெல்லாம் ஆட்கள் அதைப் பார்த்தார்கள்.

வீட்டில் இது புரிவதற்குக் கொஞ்ச நாள் ஆனது. ‘அந்த ஃபங்ஷன் தை மாசம்தான் முடியுது, அதுக்குள்ள எல்லாரையும் மாத்தணும்’ என்று அக்கா போனில் என்னிடம் பேசியதைக் கேட்டுவிட்டு, முத்தலிப் அண்ணன் யார் வீட்டுக் கல்யாணம், மொய் எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டாராம். இதைச் சொல்லிச் சொல்லி அக்கா ஒரு வாரம் சிரித்தார்.

இழையை எழுதியவர் தன் பக்கத்தில் ‘குமாரசாமி, காரமடை’ என்று மட்டும் போட்டிருந்தார். அக்கா அந்தத் திட்டத்தின் கேள்விப் பக்கத்தில் முதல்முறையாக எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு ஃபங்ஷனின் பெயரைப் போட்டு, இது எந்தப் பதிப்பிலிருந்து டெப்ரிகேட் ஆகிறது என்று குறிப்பில் இல்லையே, சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். நாலு நாள் கழித்து, உலகமே பார்க்கும் அந்தப் பக்கத்தில், வீட்டுப் பேச்சிலேயே பதில் வந்தது. ‘வணக்கமுங்க அம்மணி. எனக்கே நெனப்பில்லீங்க. தேடிப் பாத்துச் சொல்றனுங்க.’ மறுநாள் இன்னொன்று. ‘2.6ங்க. குறிப்புலயும் எழுதிப்போட்டேன்.’

அதிலிருந்து நாலு வருடம் இப்படியே போனது. அக்கா எப்போதிருந்து என்று கேட்பார். கூடவே ஏன் என்றும் கேட்பார். குமாரசாமி எழுதும் காரணங்களை ஒரு எழுத்துகூட மாற்றாமல் பட்டியலில் ஏற்றுவார். ‘அப்ப வெளங்காம எழுதினதுங்க.’ ‘கொம்பு முன்னாடி வருதா பின்னாடி வருதான்னு நானே ஏமாந்துபோனனுங்க.’ ‘இதைக் காட்டிலும் நல்லதா ஒண்ணு அமைஞ்சிருச்சுங்க, ரெண்டு எதுக்கு?’ ஒருமுறைகூட இருவரும் குடும்பம், உடம்பு என்று எதையும் விசாரித்துக்கொண்டதில்லை. ஒரே ஒரு தடவை, பதில் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டபோது, தான் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றும், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு என்றும், அன்று தெருவில் கேபிள் அறுந்துவிட்டது என்றும் எழுதியிருந்தார்.

போன வருடம் ஆடி மாதத்தில், மூன்றே நாளில் இழையில் பதினொரு ஃபங்ஷன்களுக்கு அறிவிப்பு வந்தது. எல்லாம் அடுத்த தையில் வரும் ஐந்தாம் பதிப்பில் நீக்கப்படும். பதிலுக்கு எது என்று ஒன்றுக்கும் எழுதவில்லை. அகர வரிசையில் அடுக்கும் ஃபங்ஷனும் அதில் இருந்தது. அது போய்விட்டால் எங்கள் வருகைப்பதிவேடே ஓடாது. காரணம் இருக்க வேண்டிய இடத்தில் ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்.

அக்கா கேள்விப் பக்கத்தில் எழுதினார். பத்து நாள் பதில் இல்லை. மற்றவர்களும் எழுதினார்கள். ஒருவர் கடுமையாகவே எழுதியிருந்தார். இஷ்டத்துக்குக் கொடுப்பது, இஷ்டத்துக்குப் பிடுங்குவது என்றால் எதற்குத் திறந்து வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அக்கா அந்தச் சண்டைக்குப் போகவில்லை. அவர் குமாரசாமியின் பழைய மாற்றங்களையும் புதிய மாற்றங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் ஒரே மூச்சில் நாற்பது, ஐம்பது வரி மாற்றுகிறவர். இப்போது ஒரு தடவைக்கு ஒரு வரி. அதிலும் எழுத்து விட்டுப்போய், பத்து நிமிடம் கழித்துத் திருத்தியிருந்தார்.

“இவருக்கு என்னமோ ஆயிருச்சு, வர்ஷினி. இது கோபத்துல செய்யற வேலையில்லை” என்றார் அக்கா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறை என்பதால் முத்தலிப் அண்ணனையும் கூட்டிக்கொண்டு, காந்திபுரத்தில் மேட்டுப்பாளையம் பஸ் ஏறினார். பட்டியலை அச்செடுத்துப் பையில் வைத்திருந்தார். காரமடையில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மளிகைக் கடையில், டெலிபோன் ஆபீஸ் குமாரசாமி வீடு எது என்று கேட்டதுமே கை காட்டிவிட்டார்கள்.

கதவைத் திறந்தவர் அவர் மனைவி நாச்சியம்மாள். யாரென்று தெரியாமலே உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்டாராம். இழை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. கணவர் கம்ப்யூட்டரில் ஏதோ எழுதுவார் என்பது மட்டும் தெரியும்.

“பங்குனியில பாத்ரூம்ல விழுந்துபோட்டாருங்க அம்மணி. ஸ்ட்ரோக்குன்னாங்க. நாப்பது நாளு ஆஸ்பத்திரி. சோத்தாங்கை வர்றதில்லை, பேச்சும் போயிருச்சு. நாம சொல்றது அத்தனையும் வெளங்குதுங்க. அவருக்குத்தான் சொல்ல வர்றதில்லை. ஒரே ஒரு சொல்லு நின்னுருக்குது.”

அந்தச் சொல் ‘சரீங்க’. ஆமாம் என்பதற்கும் அதுதான், இல்லை என்பதற்கும் அதுதான், பசிக்கிறது என்பதற்கும் அதுதான். சொல்லும் விதத்தை வைத்து எது என்று நாச்சியம்மாள் கண்டுபிடிப்பார்.

உள்ளறையில் குமாரசாமி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய, ஒடிசலான மனிதர். இடது கையின் ஒரு விரல் விசைப்பலகை மேல் இருந்தது. அக்கா வாசலிலேயே நின்று, “அண்ணா, நான் சாயிரா பானுங்க. எந்தப் பதிப்பு, எந்தப் பதிப்புன்னு உங்களைக் கேட்டுக்கிட்டே இருப்பேனே, அது நான்தான்” என்றார்.

அவர் முகம் முதலில் சிரித்தது. பிறகு அந்தச் சிரிப்பு நிற்காமலே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாச்சியம்மாள் ஓடிவந்து முந்தானையால் துடைத்துவிட்டு, “நோவுல அழுகறதில்லீங்க. சந்தோசம் வந்தாலும் இப்பிடித்தான்” என்றாராம்.

எதற்காகப் பதினொன்றையும் எடுக்கிறீர்கள் என்று அக்கா கேட்கவில்லை. அவராகவே திரையில் அந்த நிரலைத் திறந்து, ஒரு ஃபங்ஷனின் மேல் விரல் வைத்தார். பிறகு அதே விரலால் தன் நெற்றியைத் தொட்டுக் கையை விரித்தார். அடுத்த ஃபங்ஷன். மறுபடி நெற்றி, மறுபடி விரித்த கை. மூன்றாவதிலேயே அக்காவுக்குப் புரிந்துவிட்டது. வியாதிக்குப் பிறகு அவர் இழை முழுவதையும் ஒரு முறை படித்துப் பார்த்திருக்கிறார். மற்றவை புரிந்திருக்கின்றன. இந்தப் பதினொன்று மட்டும், தன் கையால் எழுதியதே, என்ன சொல்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

“யாராவது கேட்டா பதில் சொல்ல முடியாதேன்னுதான் எடுக்கறீங்களா, அண்ணா?”

“சரீங்க.”

“ஆமாங்கறாருங்க” என்றார் நாச்சியம்மாள்.

பஸ்ஸில் திரும்பும்போது முத்தலிப் அண்ணன் ஒன்று சொன்னாராம். புரியாத சரக்கை வாடிக்கையாளர் தலையில் கட்டாமல் எடுத்து உள்ளே வைக்கிற மனுசன், இவரைப் போய் யாரோ திட்டியிருக்கிறார்களே என்று. ஆனால் அதற்கு முன்னால் அந்த அறையில் நடந்ததுதான் முக்கியம்.

அக்கா பையிலிருந்து பட்டியலை எடுத்து, ‘ஏன்’ என்ற கட்டத்தில் இருந்த அவருடைய சொற்களை அவருக்கே வாசித்துக் காட்டினார். முதலில் சும்மா சந்தோசத்துக்குத்தான். கொம்பு வைத்து ஏமாந்துபோன கதை வந்தபோது, அவர் இடது கையைத் தூக்கிக் காற்றில் ஓர் எழுத்தும் அதன் பின்னால் ஒரு கொம்பும் போட்டார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, அதை அழிப்பது போல் கையை வீசி, கொம்பை எழுத்துக்கு முன்னால் போட்டார். அன்று நடந்த தவறு அதுதான். அவருக்கு அது அப்படியே ஞாபகம் இருந்தது.

அக்கா பட்டியலைக் கீழே வைத்துவிட்டு, திரையில் இருந்த முதல் ஃபங்ஷனை வரி வரியாகச் சத்தமாகப் படித்தார். நடுநடுவே, அதைப் பற்றி அவரே முன்பு எழுதிய பதில்களையும் சேர்த்துப் படித்தார். கண்ணால் பார்த்தபோது பிடிபடாதது காதால் கேட்டபோது பிடிபட்டது. சில வரிகளில் அவர் கையைத் தூக்கி நிறுத்தி, மறுபடி படிக்கச் சொல்வார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் இரண்டு தேறின. தக்காளிக் குழம்பும் பொரியலும் சாப்பிட்ட பிறகு இன்னொன்று.

அவர்கள் கிளம்பும்போது குமாரசாமி ஒரு காரியம் செய்தார். திட்டத்தின் பக்கத்தைத் திறந்து, ஒற்றை விரலால் அக்காவின் பெயரைத் தேடி எடுத்து, இழையை மாற்றும் உரிமையை அவருக்கும் கொடுத்துவிட்டார்.

மறுநாள் அலுவலகத்தில் அக்கா, “எனக்கு எழுதத் தெரியாதே, படிக்க மட்டும்தானே தெரியும்” என்று இரண்டு தடவை சொன்னார். தீபக், வெள்ளிக்கிழமை பிற்பகல்களை இழைக்காக வைத்துக்கொள்ளச் சொன்னார். அது நின்றால் எங்கள் கம்பெனியும் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

நாச்சியம்மாளிடம் கேட்டுக்கொண்டு, அக்கா கேள்விப் பக்கத்தில் மூன்று வரி எழுதினார். குமாரசாமி அவர்களுக்கு உடல்நலமில்லை. அறிவிப்பு வந்த பதினொன்றையும் அவரோடு சேர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தை வரை பொறுங்கள். இரண்டு நாள் கழித்து, கடுமையாக எழுதியவர் அந்தப் பதினொன்றுக்கும், எது சரியாக வேலை செய்கிறது என்று பார்ப்பதற்கான முந்நூறு சோதனைகளை எழுதி அனுப்பினார். மன்னிப்பு என்று தனியாக ஒன்றும் எழுதவில்லை.

பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு அக்கா காரமடை போவது வழக்கமானது. சில தடவை நானும் போயிருக்கிறேன். அக்கா படிப்பார். குமாரசாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நாச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். கணவர் களைத்துவிட்டது எங்களுக்குத் தெரியும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். “இன்னைக்கு இத்தோட உடுங்க கண்ணு” என்று முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். ஐப்பசியில் ஒரு நாள், அக்கா ஒரு வரியைத் தப்பாகப் படித்தபோது, “இல்லீங்க” என்று ஒரு குரல் கேட்டது. இரண்டாவது சொல். நாச்சியம்மாளின் கையிலிருந்து வெங்காயம் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. யாரும் அதை எடுக்கவில்லை.

தை மாதத்துக்குள் ஏழு ஃபங்ஷன்கள் தேறிவிட்டன. அகர வரிசையும் அதில் ஒன்று. அவற்றின் மேல் இருந்த அறிவிப்பை அக்கா எடுத்துவிட்டு, எந்தப் பதிப்பில் அறிவிப்பு வந்தது, எந்தப் பதிப்பில் திரும்பப் பெறப்பட்டது என்று எழுதினார். மீதி நாலு கடைசி வரை பிடிபடவில்லை. எத்தனை தடவை படித்தும் குமாரசாமி கையை விரித்துவிட்டார். அந்த நாலைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பதில் வழி எழுதிக் கொடுத்து, இன்னும் ஆறு மாதம் தவணை நீட்டி, அவற்றை முறைப்படி வழியனுப்ப அக்கா ஏற்பாடு செய்தார். ‘ஏன்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டார். நான் ஏதேதோ நாகரிகமான காரணங்கள் சொன்னேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ‘எழுதியவருக்கு இப்போது புரியவில்லை, பார்த்துக்கொள்கிறவருக்கு எப்போதுமே புரியவில்லை’ என்று எழுதி, குமாரசாமிக்கு வாசித்துக் காட்டினார். அவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

மாசி மாதம் குமாரசாமிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், சொற்களை ஓரெழுத்து ஓரெழுத்தாக அட்டையில் எழுதிக் காட்டினார். ‘சோறு’ என்பதை ‘சோ’, ‘று’ என்று இரண்டு அட்டையாக. அதைப் பார்த்ததும் அவர் அட்டைகளையும் திரையையும் மாற்றி மாற்றிக் காட்டினார். அவருக்கு ஒரு புதிய ஃபங்ஷன் வேண்டியிருந்தது. ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால், நாம் சொல்லும் வேகத்தில், எழுத்தெழுத்தாகத் திரையில் பெரிதாகக் காட்ட வேண்டும். எழுதுகிறவர் அவர் இல்லை. அக்காதான்.

இருபது வருடத்துக்கும் மேலாகிவிட்டது, கல்லூரியில் எழுதியதோடு சரி. அக்காவுக்கு ஐந்து வாரம் பிடித்தது. வெளியிட்ட பிறகு அன்றைக்கு மட்டும் பதினைந்து தடவை கேள்விப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நான் வந்தபோது அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். வால்பாறையில் ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் ஒரு மாணவிக்காக அதைப் பயன்படுத்துகிறாராம். நன்றாக இருக்கிறது, ஆனால் வாக்கியத்தில் எண் வந்தால் நின்றுவிடுகிறது என்று ஒரு தப்பைக் குறிப்பிட்டிருந்தார்.

“வர்ஷினி, நான் எழுதினதுல தப்பு இருக்குதாம்” என்றார் அக்கா. சொல்லும்போது முகம் அப்படி மலர்ந்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த ஆசிரியைக்குப் பதில் எழுத ஆரம்பித்தார்.